புரோட்டோசோவா ஸ்லைடு பெட்டி: உருவம் இருக்கு, ஓட்டம் இல்லை

உயிரியல் வகுப்புக்காக புரோட்டோசோவா, அதாவது ஒற்றைச்செல் உயிரிகளின் ஸ்லைடு பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே சாயமேற்றிய 12 கண்ணாடி ஸ்லைடுகள், கூடவே ஒரு சின்னக் கையேடு. போலிக்காலால் ஊர்பவை, கசையிழையால் நீந்துபவை, குறுயிழையால் விரைபவை, நகர உறுப்பில்லாத ஒட்டுண்ணிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும் நான்கு பிரிவுகளும் இருக்கின்றன. ஆனால் இந்தப் பிரிவினையே நகரும் விதத்தை வைத்துச் செய்தது. பெட்டியில் இருப்பவை எல்லாம் செத்தவை.

அதனால்தானோ என்னவோ, நகராத மலேரியா ஒட்டுண்ணி பிளாஸ்மோடியம்தான் இதில் முதலிடம். இரத்தப் பூச்சில் சிவப்பணுவுக்குள்ளேயே கல் வைத்த மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது: நீல வளையம், ஓரத்தில் சிவப்புப் புள்ளியாக உட்கரு. பக்கத்தில் டிரிப்பனோசோமா ஸ்லைடையும் வைத்துப் பாருங்கள். அதுவும் இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிதான், ஆனால் அணுக்களுக்கு வெளியே. கசையிழையும் உடலோரம் நெளியும் சவ்வும் தெளிவாகவே தெரிகின்றன. உள்ளே குடியிருப்பதற்கும் வெளியே நீந்துவதற்கும் உள்ள வித்தியாசம் மாணவர்களுக்கு உடனே பிடிபட்டது.

பிளாஸ்மோடியத்துக்கு இயக்க உறுப்பு எந்தப் பருவத்திலும் கிடையாது என்று கையேடு அடித்துச் சொல்வது மட்டும் தப்பு. அதன் ஆண் இனச்செல்லுக்குக் கசையிழை உண்டு. 1880-இல் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் மலேரியா நோயாளியின் இரத்தத்தில் அந்த இழைகள் துடிப்பதைப் பார்த்துத்தான், இது உயிருள்ள ஒட்டுண்ணி என்று உறுதியாக நம்பினார்.

பாரமீசியம் பரவாயில்லை. பெரிய உட்கருவும் அதை ஒட்டிய சிறிய உட்கருவும் நன்றாகச் சாயம் பிடித்திருக்கின்றன. குறுயிழை உயிரிகளின் தனி அடையாளமே இந்த இரண்டு வகை உட்கருக்கள்தான். இரண்டு பாரமீசியங்கள் ஒட்டிக்கொண்டு இணையும் ஸ்லைடு ஒன்றும் வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனிப் பாராட்டு. குறுயிழைகள் தெரிய வேண்டுமானால் ஒளியைக் குறைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அமீபா ஏமாற்றம். பதப்படுத்தும்போதே சுருங்கிவிட்டது போலிருக்கிறது, போலிக்கால்கள் வெறும் முண்டுகளாக நிற்கின்றன. எது உணவுக் குமிழ், எது சுருங்கு குமிழ் என்று சொல்லவே முடியவில்லை. யூக்ளினா இன்னும் மோசம். பச்சையும் போய், சிவப்புக் கண்புள்ளியும் போய், ஏதோ ஊதா விதை மாதிரி கிடக்கிறது. தாவரம் போல உணவு தயாரிக்கும், விலங்கு போல நீந்தும் என்று அதைக் காட்டி எப்படிச் சொல்வது? அப்புறம், வால்வாக்ஸ் பார்க்க அழகுதான், ஆனால் அது பச்சைப் பாசிக் கூட்டம். அந்த இடத்தில் குறுயிழை உயிரியான வார்ட்டிசெல்லா ஒன்றை வைத்திருக்கலாம்.

கையேட்டின் வகைப்பாடும் பழசு. மரபணு ஆய்வுகளின்படி பாரமீசியமும் பிளாஸ்மோடியமும் ஒரே பெருங்குழுவைச் சேர்ந்த உறவுகள். கசையிழை உயிரிகளோ ஒரே குடும்பமே இல்லை, பல கிளைகளில் சிதறிக் கிடக்கின்றன. இதை ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா?

இரத்த ஒட்டுண்ணி ஸ்லைடுகளுக்காக வாங்கலாம். அவற்றை உயிரோடு வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. மற்ற மூன்று பிரிவுகளுக்கும் முதலில் குளத்து நீர் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பாரமீசியம் நிற்காமல் ஓடினால் நாலு பஞ்சு இழை போடுங்கள், வேகம் குறையும். வாங்குமுன் உங்கள் நுண்ணோக்கியில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அந்த மோதிரம் சரியாகத் தெரியாது.