மொட்டைமாடி நிழல்வலைக் குடில்: 2023 கோடையிலிருந்து இன்றுவரை

மடிப்பாக்கத்தில் எங்கள் மாடியில் இருக்கும் குடில் கத்திரி வெயிலையும் பார்த்துவிட்டது, மிக்ஜாம் புயலையும் பார்த்துவிட்டது. வருஷம் முழுக்கக் கீரையும் காயும் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சென்னையில் குடில் போடுவது பெரிய வேலையில்லை. எந்த மாதம் வலையைக் கட்டுகிறோம், எந்த மாதம் அவிழ்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

குளிர்நாட்டுப் பசுமைக்குடில் படங்களைப் பார்த்து அப்படியே கட்டிவிடாதீர்கள். லடாக்கில் லே பக்கம் குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி வரைக்கும் இறங்கும். அங்கே தெற்குப் பக்கம் மட்டும் பாலித்தீன், மற்ற பக்கங்களில் கனமான மண்சுவர். வடக்குச் சுவரின் உட்புறம் கறுப்பு பூசி, பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி செடிக்குக் கொடுக்க வைக்கிறார்கள். பள்ளம் தோண்டி மேலே பாலித்தீன் விரிக்கும் முறையும் உண்டு. உறைபனியிலும் கீரை பறிக்கிறார்கள் என்பதே எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அங்கே சூட்டைப் பிடித்து வைக்கப் பாடுபடுகிறார்கள். நமக்கு அதை விரட்டுவதுதான் பாடு.

வெல்டிங் செய்ய வந்தவர், "மேலே சீட் போட்டுடலாம்மா, மழையும் உள்ளே வராது" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மே மாத மதியத்தில் பாலித்தீன் சீட்டுக்குக் கீழே செடி வெந்துபோகும்.

ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சட்டம், உயரம் எட்டடி. தாழ்வாகப் போட்டால் சூடு தலைக்கு மேலேயே தேங்கி நிற்கும். தளத்தில் துளை போடவே இல்லை; போட்டால் மழைக்காலத்தில் கீழ்வீட்டில் ஒழுகும். பழைய பெயின்ட் வாளிகளில் கான்கிரீட் நிரப்பி அதில் கால்களை நிறுத்தி, கைப்பிடிச் சுவரோடு கிளாம்ப் போட்டோம். மேற்குப் பக்கம் மட்டும் வலை தரைவரை தொங்கும், பிற்பகல் வெயிலைத் தடுக்க. கிழக்கும் தெற்கும் திறந்தே இருக்கும். காலை வெயில் வேண்டும், கடல்காற்றும் வேண்டும்.

வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத வலை போதும். 75 சதவீத வலைக்குக் கீழே செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து சாய்கிறது. முதலில் வாங்கிய வலையை "யூவி தாங்கும்", அதாவது வெயிலின் புற ஊதாக் கதிரில் கெடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் விரலால் தேய்த்தாலே தூளாக உதிர்ந்தது. இப்போது இருப்பது மோனோ வலை, உருண்டையான ஒற்றை இழையில் பின்னியது. விலை கூடுதல்தான், ஆனாலும் நன்றாக நிற்கிறது. கிழிசல் எப்போதும் கயிறு கட்டும் இடத்தில்தான் ஆரம்பிக்கும். அதனால் ஓரத்தை இரண்டாக மடித்து, உள்ளே நைலான் கயிற்றை ஓடவிட்டுத் தைத்திருக்கிறேன். இழுவை ஒரே கண்ணில் விழாமல் ஓரம் முழுக்கப் பரவுகிறது.

மாசிக் கடைசியில் கட்டுவேன், புரட்டாசி முடிவில் அவிழ்த்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் மேகமூட்டம். அப்போது வலையும் இருந்தால் செடிக்கு வெளிச்சம் பற்றாது. புயல் காலத்தில் வலை ஒரு பாய்மரம்தான், சட்டத்தையே பெயர்த்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஊரையே மூழ்கடித்தபோது இங்கே வெறும் பைப் சட்டம் மட்டும் இருந்தது, காற்று ஊடே போய்விட்டது.

தக்காளி விஷயத்தில் ஆசையை வளர்க்க வேண்டாம். கோடையில் ராத்திரியும் சூடு இறங்காது. பூ பிஞ்சாகாமல் உதிரும். வலையால் ராத்திரிச் சூட்டை என்ன செய்ய முடியும்? ஆவணியில் விதைத்தால் மார்கழி, தையில் கொத்துக்கொத்தாகக் காய்க்கிறது. கோடைக்கு வெண்டை, கத்திரி, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி. வலையின் அருமை தெரிவது புதினாவில்தான். வெளியே வைத்த தொட்டி மேயில் கருகிக் கிடக்கும்போது, உள்ளே இருப்பது ரசத்துக்கும் துவையலுக்கும் குறைவில்லாமல் தளிர்விடுகிறது.

பூச்சி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிழல்வலைக் கண்ணில் வெள்ளை ஈ தாராளமாக நுழையும். காற்று ஓடாத மூலையில் மாவுப்பூச்சி சேரும். தொட்டிகளை நெருக்கி வைக்காமல், சாயங்காலம் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்கிறேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பைப்புக்குச் செலவழிக்க வேண்டாம். சவுக்குக் கம்பும் கயிறும் போதும், வீடு மாறும்போது அவிழ்த்து எடுத்துப் போகலாம். வலைக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள்.