மேலவை வேண்டுமா, ஒரே அவை போதுமா?

நாடாளுமன்றத்தின் மேலவையான, அதாவது இரண்டாவது அவையான மாநிலங்களவை அமளியில் முடங்கியது என்று செய்தி வந்தால், கோத்தகிரியில் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்திலும் பேச்சு சூடாகிவிடும். "தமிழ்நாடு 1986-ல் தன் சட்ட மேலவையை எடுத்த மாதிரி டெல்லியிலும் எடுத்துவிடலாம்" என்பார் ஒரு அண்ணன். "எடுத்தால் கேட்க ஆள் இருக்காது" என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

வேகம்
ஒரே அவை: பெரும்பான்மை இருந்தால் மசோதா அன்றைக்கே நிறைவேறலாம்.
மேலவை: மாநிலத்தில் இருந்தால், சாதாரண மசோதாவை முதல்முறை 3 மாதம், மறுமுறை 1 மாதம்தான் நிறுத்த முடியும். டெல்லியில் அப்படியில்லை. மாநிலங்களவை மறுத்தால் இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து ஓட்டுப் போடும் கூட்டுக் கூட்டம்தான் வழி. அது 1961, 1978, 2002 என மூன்றே முறை நடந்தது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அந்த வழியும் கிடையாது. அமெரிக்காவின் மேலவையான செனட் இன்னும் மோசம்: பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடிக்கவே 100-ல் 60 ஓட்டு வேண்டும். 41 பேர் சேர்ந்து மற்றவர்களைக் காக்க வைப்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

செலவு
ஒரே அவைக்குக் குறைவு. இதில் வாதமே இல்லை.

மலையின் குரல்
ஒரே அவை: தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 பேரில் நீலகிரிக்கு ஊட்டி, குன்னூர், கூடலூர் என மூவர்தான்.
மேலவை: மாநிலத்தில் இருந்தால், அதன் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுப்பார்கள். ஆசிரியர், பட்டதாரி தொகுதிகளும் உண்டு. ஆனால் அந்த இடம் மலைக்கே வரும் என்று உறுதியில்லை.

சட்டம் சட்டென்று வர வேண்டும் என்பவருக்கு ஒரே அவை சரி. யோசிக்காமல் அவசரமாகச் சட்டம் வந்துவிடுமோ என்று பயப்படுபவருக்கு, நாலு மாதத்துக்கு மேல் நிறுத்த முடியாத மாநில மேலவை பொருந்தும். டெல்லியைப் பொறுத்தவரை, மாநிலங்களவையை எடுக்கக் கூடாது என்பேன். அங்கே தமிழ்நாட்டுக்கு 18 இடம் இருக்கிறது.