செந்தில்குமார் என்று தேடினால் எத்தனை பேர்?

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் பயோடேட்டாவில் எழுதியிருப்பது உண்மையா என்று சரிபார்த்துச் சொல்வது என் வேலை. டாக்டர், ஆடிட்டர், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் என்று எல்லாரும் கலந்து வருவார்கள். பல வருடங்களாகத் தொழில் பதிவேடுகளையும் காப்புரிமை (பேட்டண்ட்) தளங்களையும் பயன்படுத்தி வருவதால், எதை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு கணக்கு மனதில் இருக்கிறது. நான் சொல்லும் தளங்களில் தேடக் காசு கிடையாது. வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

முதல் தலைவலி பெயர்தான். இந்தத் தளங்களில் பல, முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு இருக்கும் என்ற நினைப்பில் கட்டப்பட்டவை. நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் இனிஷியலும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். செந்தில்குமார், பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் சுப்பிரமணியன், அமெரிக்கக் கம்பெனியின் காப்புரிமையில் சுப்பிரமணியன் செந்தில்குமார். மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. லட்சுமியையும் எழிலையும் தமிழ்ச்செல்வனையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நினைத்துப் பாருங்கள். பெண்கள் விஷயத்தில் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். படித்தது ஒரு பெயரில், பதிவு செய்தது ஒரு பெயரில், வேலை பார்ப்பது இன்னொரு பெயரில் என்று இருக்கும்.

அதனால் நான் பெயரில் தொடங்குவதே இல்லை. எண் எங்கே என்று முதலில் கேட்பேன்.

டாக்டர்களிடம் இதற்குப் பிரச்சினை இல்லை. மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, மாநில கவுன்சில் கொடுத்த பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பண ரசீதிலும் போட வேண்டும். அந்த எண்ணோடு மாநில கவுன்சிலின் பெயரையும் சேர்த்து இந்திய மருத்துவப் பதிவேட்டில் தேடினால் பட்டம், பல்கலைக்கழகம், பதிவான தேதி எல்லாம் வரும். தந்தை அல்லது கணவர் பெயரும் அதில் இருக்கிறது. நம் ஊருக்கு அதுதான் பெரிய உதவி, இனிஷியல் என்ன என்பது அங்கே விரிந்துவிடுகிறது. எண்ணோடு கவுன்சிலையும் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எண் கொடுப்பதால் ஒரே எண் பல மாநிலங்களில் பல டாக்டர்களுக்கு இருக்கும். மருத்துவ கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் ஆகஸ்ட் 2024-இல் ஆதாரோடு இணைந்த புதிய தேசியப் பதிவேட்டைத் தொடங்கியிருக்கிறது. இருந்தாலும் சந்தேகம் வந்தால் நான் மாநில கவுன்சிலிடம்தான் போவேன். மூலப் பதிவு அங்கேதான்.

இருப்பதிலேயே எனக்குப் பிடித்த ஏற்பாடு ஆடிட்டர்களுடையது. பட்டயக் கணக்காளர் கழகம் 2019-இலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கிய யுடிஐஎன் என்ற 18 இலக்க அடையாளம், ஆளை அல்ல, அவர் கையெழுத்திட்ட ஆவணத்தைச் சரிபார்க்க உதவுகிறது. முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த ஆறு அவரது உறுப்பினர் எண், மீதி அந்த ஆவணத்துக்கானது. ஆடிட்டரே இல்லாதவர்கள் ஆடிட்டர் பெயரில் சான்றிதழ் கொடுத்து வந்ததால் பிறந்த ஏற்பாடு இது. மற்ற தொழில்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

வக்கீல்களுக்கு மாநில பார் கவுன்சிலின் பதிவு எண்ணும் வருடமும் வேண்டும். நீதிமன்ற வழக்குகளுக்கான இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரிலோ பார் பதிவு எண்ணிலோ தேடினால் அவர் ஆஜராகும் வழக்குகள் தெரியும். உரிமம் இருக்கிறதா என்பதைவிடத் தொழில் நடத்துகிறாரா என்பதற்கு அது நல்ல அடையாளம். கட்டடக் கலைஞர்களுக்கு சி.ஏ. என்று தொடங்கி, வருடம், வரிசை எண் என்று போகும் பதிவு எண் உண்டு, கட்டடக்கலை கவுன்சில் தளத்தில் பார்க்கலாம். பொறியாளர்களுக்கு இந்தியா முழுவதற்குமான சட்டப்பூர்வ உரிமமே இல்லை. 'லைசென்ஸ்டு இன்ஜினியர்' என்று விசிட்டிங் கார்டில் இருந்தால், எந்த மாநகராட்சி, எந்தத் திட்டக் குழுமம் கொடுத்தது என்று கேட்க வேண்டும்.

சரி, காப்புரிமைக்கு வருவோம். அதிகப் புளுகு நடப்பது இங்கேதான்.

'இரண்டு பேட்டண்ட் வைத்திருக்கிறேன்' என்று ஒருவர் எழுதினால், பாதி நேரம் அவர் வைத்திருப்பது விண்ணப்பம் வெளியான இதழின் பக்கம். இந்தியாவில் விண்ணப்பித்து 18 மாதம் கழித்து அது தானாகவே காப்புரிமை இதழில் வெளியாகும். கூடுதல் கட்டணம் கட்டினால் சீக்கிரமே வெளியிடுவார்கள். இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வரும். வெளியானது என்றால் யாரும் பரிசீலித்து ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. கல்லூரி தரவரிசையில் வெளியான விண்ணப்பமும் கணக்கில் வருவதால் இந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. இன்னொரு சரக்கு 'யு.கே. பேட்டண்ட்'. வாங்கிப் பார்த்தால் அது பொருளின் வெளித்தோற்றத்துக்கான பிரிட்டிஷ் டிசைன் பதிவுச் சான்றிதழாக இருக்கும். பிரிட்டிஷ் அலுவலகம் டிசைன் புதியதா என்று ஆராய்வதில்லை, கட்டணம் கட்டினால் வேகமாகக் கிடைத்துவிடும். சான்றிதழிலேயே டிசைன் என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். படிக்காமல் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வது யார் குற்றம்?

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடலில் கண்டுபிடித்தவர் பெயர், விண்ணப்பதாரர் பெயர், எண் என்று பல வழிகள் உண்டு. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இப்போதைய விண்ணப்ப எண் 12 இலக்கம். முதல் நான்கு வருடம், ஐந்தாவது அலுவலகம்: 1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை. பழைய எண்களில் சி.எச்.இ. என்று இருந்தால் சென்னை, அதற்கும் முந்தையது எம்.ஏ.எஸ்., அதாவது மெட்ராஸ். கிண்டி அலுவலகத்தில் போட்டேன் என்பவரின் எண்ணில் ஐந்தாவது இலக்கம் 1 என்று இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்கத் தோன்றும். விண்ணப்ப எண் வேறு, வழங்கப்பட்ட காப்புரிமையின் எண் வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வழங்கப்பட்டது என்று உறுதியான பிறகும் காப்புரிமை அலுவலகத்தின் மின்பதிவேட்டை ஒரு தடவை திறந்து பார்ப்பேன். காப்புரிமை 20 வருடம் என்றாலும் மூன்றாம் வருடத்திலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் காலாவதி. நடைமுறையில் இருக்கிறதா, எப்போது கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் தெரியும்.

கூகுள் பேட்டண்ட்ஸ் வேகத்துக்கு நல்லது, பெயரைக் கொஞ்சம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வசதி. ஆனால் அதில் காட்டும் சட்ட நிலை வெறும் ஊகம்தான் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆவணம் இருப்பது வேறு, உரிமை உயிரோடு இருப்பது வேறு. மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை 5,401,504-ஐ நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.) எதிர்த்து, 1997-இல் அது ரத்தானது. ஆவணம் இன்றும் தேடினால் கிடைக்கும், கண்டுபிடித்தவர்களின் பெயர்களோடு. ஒரே கண்டுபிடிப்பு பல நாடுகளில் பதிவாகி இருந்தால் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பேஸ்நெட்டில் அதன் குடும்பத்தையே, அதாவது எல்லா நாட்டுப் பதிவுகளையும் சேர்த்து, பார்க்கலாம். ஒரு கண்டுபிடிப்பை ஐந்து நாட்டில் பதிந்துவிட்டு ஐந்து பேட்டண்ட் என்று எண்ணுகிறவர்கள் அங்கே சிக்குவார்கள்.

அமெரிக்காவிலிருந்து திரும்பும் டாக்டர்கள் 10 இலக்க என்பிஐ எண்ணைக் கொடுப்பார்கள். அது உரிமம் இல்லை, பில் போடுவதற்கான அடையாள எண். உரிமம் அந்தந்த மாநில மருத்துவ வாரியத்தின் தளத்தில்தான். இருந்தாலும் என்பிஐ பதிவேட்டில் ஒன்று எனக்குப் பிடிக்கும்: பழைய பெயர், தொழிலில் வழங்கும் பெயர் என்று தனியாகக் குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள். அதை நிரப்பியிருப்பவர்களை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

ஒரு உறுத்தலும் உண்டு. இந்திய விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவரின் முழு முகவரியும் வெளியாகிறது, பலர் வீட்டு முகவரியையே எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கக் காப்புரிமையின் முதல் பக்கத்தில் ஊரும் மாநிலமும்தான் இருக்கும். இரண்டு செந்தில்குமார்களைப் பிரித்துப் பார்க்க அந்த முகவரி எனக்கு உதவுகிறது என்பது நிஜம். ஆனாலும் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கல்லூரி அல்லது கம்பெனி முகவரியைக் கொடுங்கள். கூடவே, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா விண்ணப்பத்திலும் போடுங்கள்.