எல்சிஆர்-டி4 டெஸ்டர்: பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு எவ்வளவு உதவும்?

முதலிலேயே சொல்லிவிடலாம்: டிரான்சிஸ்டர், கண்டன்சர் போன்ற பாகங்களைச் சோதிக்கும் இந்தச் சிறு டெஸ்டரை வாங்கலாம். ஆனால் ரேடியோவைத் திறந்ததும் கையில் எடுக்க வேண்டிய கருவி இது இல்லை. கோளாறு எந்தப் பகுதியில் என்று மல்டிமீட்டர் காட்டிய பிறகு, அங்கிருந்து கழற்றிய பாகம் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்கத்தான் இது. போர்டில் உள்ள அத்தனையையும் கழற்றிக் கழற்றி இதில் செருகிப் பார்ப்பவர்கள் ரேடியோவைக் கெடுத்துவிடுவார்கள். 1960களின் பழுப்பு நிற போர்டுகளில் செம்புத் தடம் பசை விட்டுப்போயிருக்கும். இரண்டாவது முறை சூடு பட்டால் உரிந்து கையோடு வரும்.

கருவி சின்னது. ஒரு பச்சைப் பலகை, அதில் ஏடிமெகா328 சிப், நெம்புகோல் வைத்த சாக்கெட், சிறிய திரை, ஒரே ஒரு பட்டன். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஜெர்மனியில் மார்குஸ் ஃப்ரேயெக் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் கூப்லர் விரிவாக்கிய வடிவமைப்பின் மலிவு நகல் இது. மூன்று துளைகளில் எந்தக் காலை எதில் செருகினாலும், அது என்ன பாகம், எந்தக் கால் எது என்று படம் போட்டுக் காட்டும்.

டெஸ்டருக்கு முன் செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. ரேடியோவின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு, மில்லிஆம்பியரில் வைத்த மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அந்த ஸ்விட்சின் இரு காலிலும் வையுங்கள். ஸ்விட்சுக்குப் பதில் மீட்டர் வழியாக மின்சாரம் ஓடும். சத்தம் குறைவாக இருக்கும்போது ஆறேழு டிரான்சிஸ்டர் செட் ஒன்று பொதுவாக 8 முதல் 15 மில்லிஆம்பியர் எடுக்கும். பூஜ்யம் என்றால் பேட்டரி முனைகளில் பச்சை பிடித்திருக்கலாம், அல்லது கம்பி அறுந்திருக்கலாம். 50ஐத் தாண்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டரையோ சப்ளை கண்டன்சரையோ சந்தேகியுங்கள். அளவு சரியாக இருந்தும் ரேடியோ ஊமையாக இருந்தால், ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் (பேஸ், எமிட்டர், கலெக்டர்) பேஸ், எமிட்டர் வோல்டேஜைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பழைய ஜெர்மானிய வகையில் 0.1 முதல் 0.3 வோல்ட், சிலிக்கனில் சுமார் 0.6 வோல்ட் இருக்க வேண்டும். இல்லாத இடம்தான் சந்தேகத்துக்குரிய இடம். அங்கே உள்ளதை மட்டும் கழற்றினால் போதும்.

இந்தக் கருவி தன் விலையைத் திருப்பித் தருவது எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களில். மைக்ரோ ஃபாரட் அளவோடு இஎஸ்ஆர் (கண்டன்சரின் உள் மின்தடை) மதிப்பையும், விலாஸ் (சார்ஜ் செய்த பின் வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது) என்ற சதவீதத்தையும் காட்டுகிறது. சாதாரண மீட்டரில் 100 மைக்ரோ ஃபாரட் என்று ஒழுங்காகக் காட்டும் பழைய கண்டன்சர் இதில் 20 ஓம் இஎஸ்ஆர் காட்டினால், ‘டுக் டுக்’ என்று மோட்டார் படகு போல ரேடியோ ஓடுவதற்கான காரணம் கிடைத்துவிட்டது. புதிய 100 மைக்ரோ ஃபாரட் ஒரு ஓமுக்குக் கீழேயும், 10 மைக்ரோ ஃபாரட் சில ஓம்களிலும் இருக்கும். 10 என்று அச்சிட்டது 18 காட்டினால் மகிழ வேண்டாம். கசியும் கண்டன்சர் இப்படித்தான் கூட்டிக் காட்டும்.

கசிவில் இந்தக் கருவியை முழுதாக நம்பக் கூடாது. இது சோதிப்பது 5 வோல்ட்டுக்குள். ரேடியோவிலோ 9 வோல்ட். ஆடியோ பகுதியில் பேஸுக்குப் போகும் மின்னோட்டமே பத்துப் பதினைந்து மைக்ரோ ஆம்பியர்தான். இணைப்புக் கண்டன்சர் அதே அளவு கசிந்தால் பயஸ் (டிரான்சிஸ்டரை வேலை நிலையில் வைக்கும் வோல்டேஜ் அமைப்பு) குலைந்து ஒலி கரகரக்கும். எனவே சந்தேகமான கண்டன்சரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக 9 வோல்ட்டில் ஐந்து நிமிடம் வைத்து, ரெசிஸ்டரின் குறுக்கே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட் என்றால் 10 மைக்ரோ ஆம்பியர் கசிவு. தூக்கிப் போட வேண்டியதுதான். புதியதைப் பொருத்தும்போது பழையதன் திசையைப் பார்த்தே பொருத்துங்கள். பிஎன்பி வகை (எமிட்டர் பாசிட்டிவ் பக்கம் நிற்கும்) ஜெர்மானிய செட்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்கத்தில் நெகட்டிவ் காலை எர்த்தில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்து, கால் அடையாளம். பிஎஃப்194 போய்விட்டால் பிஎஃப்494, பிசி148 போய்விட்டால் பிசி548 என்று போடுவது வழக்கம். பிஎஃப்494ல் நடுக்கால் எமிட்டர், பிசி548ல் நடுக்கால் பேஸ். இதைப் பார்க்காமல் பற்றவைத்துவிட்டு, புது டிரான்சிஸ்டரும் கெட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. டெஸ்டர் இதை ஒரு நொடியில் தீர்க்கிறது.

ஜெர்மானியத்துக்கு வந்தால்தான் எச்சரிக்கை. ஓசி71, ஏசி128 போன்றவற்றில் பேஸைத் தொடாமலே கலெக்டரில் மின்சாரம் கசியும். இந்த மலிவுப் பலகைகள் பல, அந்தக் கசிவையும் சேர்த்தே ஹெச்எஃப்இ (ஆதாயம், அதாவது மின்னோட்டத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறது) என்று காட்டுகின்றன. அதாவது, மோசமாகக் கசியும் டிரான்சிஸ்டருக்கு அதிக மதிப்பெண்! விரலால் பிடித்தாலே எண் ஏறுவதைப் பார்க்கலாம். சூடு 10 டிகிரி கூடினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கழற்றிய சூடு ஆறாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

உண்மையான ஆதாயம் தெரிய வேண்டுமானால் பழைய முறைதான் சரி. எமிட்டரை 9 வோல்ட்டின் பாசிட்டிவில் இணையுங்கள். கலெக்டரிலிருந்து 2.4 கிலோ ஓமும் 68 ஓமும் தொடராக நெகட்டிவுக்கு. முதலில் பேஸைத் திறந்தே விட்டு, அந்த ரெசிஸ்டர்களின் குறுக்கே வோல்டேஜ் பாருங்கள். பிறகு பேஸிலிருந்து 2.2 மெகா ஓம் ரெசிஸ்டரை நெகட்டிவுக்குக் கொடுத்து மறுபடி பாருங்கள். முதலில் 0.25, பிறகு 1.05 வந்தால் வித்தியாசம் 0.80, அதை 100ஆல் பெருக்கினால் ஆதாயம் 80. முதல் அளவான 0.25 வோல்ட் சுமார் 100 மைக்ரோ ஆம்பியர் கசிவைச் சொல்கிறது. ஜெர்மானியத்துக்கு இது சாதாரணம். இந்த இணைப்பு பிஎன்பிக்கு; என்பிஎன் ஆனால் பேட்டரியைத் திருப்பிப் போட வேண்டும். அவுட்புட்டுக்கு ஒரே மாதிரி இரண்டு ஏசி128 தேடுபவர்கள் இந்த முறையிலேயே ஜோடி சேர்க்கட்டும்.

ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரை உள்ள நான்கு கால் டிரான்சிஸ்டர்களில் டெஸ்டர் கண்ணுக்கே தெரியாத நோய் ஒன்று உண்டு. அந்த உலோகக் கூட்டின் உட்சுவரிலிருந்து மெல்லிய தகர இழைகள் வளர்ந்து உள்ளே இருக்கும் கால்களைத் தொடும். கூடு நான்காவது கால் வழியாக எர்த்தில் இருப்பதால், தொட்ட கால் எர்த்தாகிவிடும், ரேடியோ அடங்கிவிடும். மூன்று துளை உள்ள டெஸ்டரில் பேஸ், எமிட்டர், கலெக்டரை மட்டும் செருகினால் ‘நல்ல டிரான்சிஸ்டர்’ என்றே சொல்லும். ஆகவே மல்டிமீட்டரில் கூட்டுக்கும் அந்த மூன்று கால்கள் ஒவ்வொன்றுக்கும் இடையே பாருங்கள். எங்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் தொட்டிருந்தால் கூட்டுக்கான காலைப் போர்டில் வெட்டிவிட்டாலே ரேடியோ பேசும். கலெக்டர் தனியே தள்ளி நிற்கும். அதற்கு அடுத்து இருப்பதுதான் கூட்டின் கால். இரண்டு கால்கள் தொட்டிருந்தால் வெட்டியும் பயனில்லை.

ஐஎஃப்டி (உலோகக் கூட்டுக்குள் இருக்கும் ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்), கேங் (நிலையம் மாற்றச் சுழற்றும் தகட்டுக் கண்டன்சர்) இரண்டுக்கும் இந்தக் கருவியை எடுக்கவே வேண்டாம். ஐஎஃப்டியின் உள்ளேயே கண்டன்சர் இருப்பதால் இண்டக்டன்ஸ் தப்பாக வரும். கேங்கின் குறைந்தபட்ச அளவு இதன் 25 பிக்கோ ஃபாரட் எல்லைக்குக் கீழே போய்விடும். ஐஎஃப்டியின் கம்பிச் சுருள் அறுபடாமல் இருக்கிறதா என்பதையும், கேங்கைச் சுழற்றும்போது தகடுகள் உரசுகின்றனவா என்பதையும் ஓம் மீட்டரே சொல்லிவிடும். ரேடியோவுக்குள்ளேயே அலை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஓடுகிறதா என்று பார்க்க இன்னொரு ரேடியோ போதும். பழுதான செட்டை 900 கிலோ ஹெர்ட்ஸில் வைத்து, பக்கத்திலேயே நல்ல செட்டை 1355 அருகே மெல்லத் திருப்புங்கள். செட் வைத்த இடத்திலிருந்து 455 கிலோ ஹெர்ட்ஸ் மேலேதான் ஆஸிலேட்டர் ஓடும்; அந்த இடத்தில் இரைச்சல் அடங்கினாலோ விசில் கேட்டாலோ ஆஸிலேட்டர் உயிரோடு இருக்கிறது.

வாங்கியதும் 1, 2, 3 துளைகளைக் கம்பியால் இணைத்துப் பட்டனை அழுத்தி அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். திரை கேட்கும்போது கம்பியை எடுக்க வேண்டும். சாக்கெட்டில் குட்டையாக வெட்டிய பழைய கால்கள் சரியாகப் பிடிக்காது. மூன்று முதலைப் பல் கிளிப் கம்பிகளைச் செருகி வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றை மறக்கவே கூடாது: எந்தக் கண்டன்சரையும் செருகுவதற்கு முன் 100 ஓம் ரெசிஸ்டரால் சில நொடிகள் அதன் சார்ஜை இறக்கிவிடுங்கள். சார்ஜ் மிச்சமிருக்கும் ஒரே ஒரு கண்டன்சர் போதும், அந்த சிப் எரிந்துபோகும். கூடுள்ள மாதிரியும் கடைகளில் கிடைக்கிறது; ஈயத் துளிகள் சிதறும் மேசையில் வேலை செய்பவர்கள் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்கலாம்.