பூஜ்ஜியம் காட்டும் லித்தியம் பேட்டரி: எந்த வழியில் எழுப்பலாம்?

நீண்ட மின்வெட்டில் இன்வெர்ட்டர் அணைந்துவிடுகிறது. கரன்ட் வந்த பிறகும் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்ஜியமோ ஒன்றிரண்டு வோல்ட்டோ காட்டுகிறது. பேட்டரி போய்விட்டது என்று பலர் முடிவுகட்டுவது இங்கேதான். அவசரப்பட வேண்டாம்.

12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 3.2 வோல்ட் செல்கள் நான்கு தொடராக இருக்கும். ஏதாவது ஒரு செல் 2.5 வோல்ட் பக்கம் இறங்கினால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் வெளி இணைப்பைத் துண்டித்துவிடும். டெர்மினலில் பூஜ்ஜியம் தெரிந்தாலும் உள்ளே 10 வோல்ட் இருக்கலாம். ஆனால் பல இன்வெர்ட்டர்கள் பேட்டரியின் வோல்ட்டேஜைப் பார்த்த பிறகே சார்ஜைத் தொடங்கும். பி.எம்.எஸ்.ஸோ சார்ஜ் வந்தால்தான் திறக்கும். இந்தப் பூட்டை உடைக்க மூன்று வழிகள் உண்டு. எதைத் தொடுவதற்கு முன்பும் லோடை முழுக்கக் கழற்றிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது, லித்தியத்துக்கென்றே செய்த, பூஜ்ஜிய வோல்ட்டிலிருந்து எழுப்பும் வசதியுள்ள சார்ஜர். முதலில் சிறு கரன்ட் கொடுத்து பி.எம்.எஸ்.ஸைத் திறந்து, அப்புறம் 14.6 வோல்ட் வரை தானே ஏற்றிக்கொள்ளும். சில ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களின் மெனுவிலேயே இந்த வசதி இருக்கிறது, தனி சார்ஜர் வாங்கும் முன் அதைப் பாருங்கள். பழைய டியூபுலர் பேட்டரி சார்ஜரை வைத்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள். அதன் செல்களைச் சமன்படுத்தும் கட்டம் 15 வோல்ட்டைத் தாண்டக்கூடும், அது லித்தியத்துக்கு ஆகாது.

இரண்டாவது, இன்னொரு 12 வோல்ட் பேட்டரியை இணையாகக் கொடுத்து எழுப்புவது. செலவில்லாத வழி என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். இதில்தான் எனக்குப் பயம். இரண்டுக்கும் வித்தியாசம் 3 வோல்ட், கேபிளோடு சேர்த்து மொத்த மின்தடை 0.03 ஓம் என்று வையுங்கள். இணைத்த கணத்தில் 100 ஆம்பியர் பாயும். கேபிள் முனையில் பொறி பறக்கும், பி.எம்.எஸ்.ஸில் சுவிட்சாக இருக்கும் மாஸ்ஃபெட் பொசுங்கலாம். வேறு வழியே இல்லை என்றால் நடுவில் 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். கரன்ட் சில ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் என்று இருமுறை பார்த்த பிறகே இணையுங்கள். டெர்மினலில் 10 வோல்ட் தெரிந்ததும் எடுத்துவிட்டு முறையான சார்ஜருக்கு மாற்றிவிட வேண்டும். 51.2 வோல்ட் பேட்டரியில் இந்த முறையை வீட்டில் முயலவே கூடாது.

மூன்றாவது, வோல்ட்டேஜையும் கரன்ட்டையும் நாமே அமைக்கும் டி.சி. பவர் சப்ளை. சரியாகக் கையாளத் தெரிந்தவருக்கு இதைவிட நல்லது இல்லை. 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 14 வோல்ட், 2 ஆம்பியர் வைத்து நிதானமாக ஏற்றலாம். கருவி இல்லாதவர் இதற்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை.

இவை எல்லாமே செல்கள் நலமாக இருந்தால்தான். துண்டித்த பிறகும் பி.எம்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே இரவில் தீர்ந்த பேட்டரியும், மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் கிடந்த பேட்டரியும் ஒன்றல்ல. செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போய் அப்படியே கிடந்தால் அதன் மைனஸ் முனையில் உள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளேயே படிந்து ஷார்ட் ஆகலாம். பேட்டரி உப்பியிருந்தாலோ, சார்ஜ் ஏறும்போது சூடானாலோ, வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ எந்த வழியும் வேண்டாம். 2023 மிக்ஜாம் வெள்ளம்போலத் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் இதை மறக்கக் கூடாது.

வாரண்டி இருந்தால் மூடியைத் திறக்காமல் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்களே எழுப்பியிருந்தால், முழுச் சார்ஜுக்குப் பின் ஒரு நாள் லோடு இல்லாமல் வைத்து வோல்ட்டேஜைப் பாருங்கள். 13.3 பக்கம் நின்றால் சரி. இறங்கிக்கொண்டே போனால் ஏதோ ஒரு செல் கெட்டிருக்கிறது, அதை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள்.