ஆங்கில வாசிப்புப் பயிற்சி: புளூபுக் செயலியும் ஒரு தடித்த பயிற்சி நூலும்

என் அக்கா மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதற்காக எஸ்ஏடி தேர்வை எழுத முடிவு செய்தபோது, கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் ஆங்கில வாசிப்புப் பகுதிக்கு மட்டும் நான் துணைக்கு உட்கார வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். அதன்படி மூன்று மாதங்கள், வாரத்துக்கு நான்கு நாள், இருவரும் சேர்ந்து பயிற்சி செய்தோம். எங்கள் கையில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, பணம் கொடுத்து வாங்கிய தலையணை அளவுள்ள பயிற்சி நூல். அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. மற்றொன்று, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு கட்டணமின்றி வழங்கும் புளூபுக் செயலியும் அதனோடு சேர்ந்த வினா வங்கியும். காசு கொடுத்து வாங்கியதே மேலானதாக இருக்கும் என்ற நினைப்பில் முதல் மூன்று வாரங்களை அந்த நூலிலேயே கழித்தோம். அந்த மூன்று வாரங்களுக்காக இன்றும் வருந்துகிறேன்.

நூலின் குறையைப் புரிந்துகொள்ளத் தேர்வின் வடிவத்தைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். காகிதத்தில் நடந்த பழைய எஸ்ஏடி தேர்வின் வாசிப்புப் பகுதியில் 500 முதல் 750 சொற்கள் வரை நீளும் பத்திகளைப் படித்து, 65 நிமிடங்களில் 52 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பத்திக்கும் பத்து அல்லது பதினோரு வினாக்கள் இருந்தன. அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் தேர்வு முழுவதும் கணினிக்கு மாறியது. இப்போது வாசிப்பும் எழுத்தும் ஒரே பகுதியாகி, தலா 32 நிமிடங்கள் கொண்ட இரண்டு கூறுகளில் 54 வினாக்கள் வருகின்றன. ஒவ்வொரு வினாவுக்கும் தனியாக ஒரு பத்தி உண்டு. அதன் நீளம் 25 சொற்களிலிருந்து 150 சொற்கள் வரைதான்.

நாங்கள் வாங்கிய நூலின் அட்டையில் புதிய வடிவத்துக்கு ஏற்றது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே புரட்டினால், நீண்ட பத்திகளைக் கத்தரித்துத் துண்டு துண்டாக வைத்திருப்பதாகவே தோன்றியது. ஒரு பத்தி 'அவருடைய இந்தக் கருத்து' என்று தொடங்கும். யாருடைய கருத்து, எந்தக் கருத்து என்பதற்கு அந்தப் பக்கத்தில் விடையே இராது. இன்னொரு பத்தி ஒரு வாதத்தின் நடுவில் ஆரம்பித்து, எதிர்வாதம் வருவதற்குள் முடிந்துவிடும். அக்கா மகள் இரண்டு நாள் தன் ஆங்கிலத்தில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நானே உட்கார்ந்து படித்துப் பார்த்த பிறகுதான், புரிவதற்கு வேண்டிய வாக்கியம் பத்தியிலேயே இல்லை என்பது தெரிந்தது.

அதன் பிறகு ஒரு சோதனை செய்து பார்த்தோம். வாசிப்புப் பயிற்சிக்கென்று எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்து பார்க்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். பத்தியை ஒரு தாளால் மறைத்துவிட்டு, வினாவையும் நான்கு தெரிவுகளையும் மட்டும் பார்த்து விடையைக் குறிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் குறித்தால் இருபதில் ஐந்து சரியாக வரும். அந்த நூலின் இருபது வினாக்களில் அவள் பதின்மூன்றைச் சரியாகக் குறித்தாள். காரணம் எளிது. தேனீக்களைப் பற்றிய ஒரு வினாவில் மூன்று தெரிவுகள் 'எப்போதும்', 'ஒருபோதும்', 'முற்றிலும்' என்று அடித்துப் பேசின. நான்காவது மட்டும் 'சில சூழல்களில் உதவக்கூடும்' என்று அடக்கமாக இருந்தது. தேனீ எப்படியிருக்கும் என்றே தெரியாதவர்கூட நான்காவதைத்தான் குறிப்பார். இப்படிப்பட்ட வினாக்களில் மதிப்பெண் ஏறுவதைப் பார்த்து மகிழ்வது வீண், ஏனெனில் வளர்வது தெரிவுகளை மோப்பம் பிடிக்கும் திறமைதான். வாசிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தக் குறை பயிற்சி நூல்களுக்கு மட்டும் உரியது என்று சொல்லிவிட முடியாது. 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அக்கால எஸ்ஏடி தேர்வின் வாசிப்பு வினாக்களைப் பத்தியே தராமல் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, தற்செயலாகக் கிடைக்கக்கூடியதைவிட நன்றாகவே அவர்கள் விடையளித்தார்கள். தேர்வின் வடிவம் அதன் பிறகு பலமுறை மாறிவிட்டது. புளூபுக்கின் மாதிரித் தேர்விலிருந்து மையக்கருத்து, உய்த்துணர்வு (பத்தி நேராகச் சொல்லாததை ஊகித்தறிவது) வினாக்களாக இருபதைத் தேர்ந்து அதே சோதனையைச் செய்தபோது அவளுக்கு ஆறுதான் சரியாக வந்தது. எனக்கு ஐந்து. அவள் சிரித்துக்கொண்டே, "மாமா, இதைப் படித்துத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது," என்றாள். அன்றே நூலை ஓரமாக வைத்தோம்.

புளூபுக்கில் நான் மிகவும் மதிப்பது விடை விளக்கங்களை. மாதிரித் தேர்வை முடித்த பிறகு ஒவ்வொரு வினாவையும் திறந்து பார்க்கலாம். சரியான தெரிவு ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கும். எங்கள் நூலோ 'விடை ஆ; இரண்டாம் வாக்கியத்தைக் காண்க' என்பதோடு நின்றுவிடும். தவறான தெரிவு எந்த வகையில் தவறு என்று தெரியாதவரை, படிப்பவர் அதே குழியில் மீண்டும் விழுந்துகொண்டே இருப்பார். விளக்கங்களைத் தொடர்ந்து படித்ததில், அக்கா மகள் ஒரு நோட்டில் தன் தவறுகளுக்குத் தானே பெயர் வைக்கத் தொடங்கினாள்: பத்தியில் இல்லாத உண்மை, பாதி மெய், அளவுக்கு மீறிய சொல், வேறு கேள்விக்கான விடை. ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலானவை 'பாதி மெய்' வகையாகவே இருந்தன. அதாவது தெரிவின் முற்பகுதி பத்தியோடு பொருந்தியவுடனே அவள் மனம் நிறைந்துவிடுகிறது, பிற்பகுதியைப் படிப்பதில்லை. நோயின் பெயர் தெரிந்த பிறகு மருந்து எளிதாயிற்று. ஒவ்வொரு தெரிவையும் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிச் சரிபார்க்கும்படி சொன்னேன்.

சொற்பொருள் வினாக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வில் கேட்கப்படும் சொற்கள் எல்லாம் அகராதியில் தேடிப் பிடித்த அரிய சொற்களாக இருக்கும் என்று பலர் நினைத்து, ஆயிரக்கணக்கான சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் வழுக்கிவிடுவது தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்தான். ஓர் ஆய்வாளர் சக ஆய்வாளரின் கருதுகோளுக்கு 'குவாலிஃபைடு' ஆதரவு அளித்தார் என்ற வாக்கியம் ஒரு நாள் வந்தது. அவள் அதைத் 'தகுதியுள்ள ஆதரவு' என்று எடுத்துக்கொண்டு, ஆய்வாளர் முழு மனதாக ஒப்புக்கொண்டதாக முடிவு செய்தாள். அங்கே அந்தச் சொல்லுக்குச் சில வரம்புகளோடு கூடிய ஆதரவு என்று பொருள். ஏறக்குறைய நேர் எதிரான முடிவு. 'நாற்றம்' என்ற நம் சொல் பழைய பாடல்களில் நறுமணத்தைக் குறிப்பதை நினைவூட்டியதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பட்டியலில் 'குவாலிஃபைடு' என்பதற்கு எதிரே ஒரே ஒரு பொருளை எழுதி வைத்துக்கொண்டவருக்கு இந்த இடத்தில் பட்டியலே எதிரி.

செயலியின் வசதிகளைப் பொறுத்தவரை, உண்மையான தேர்வும் இதே செயலியில்தான் நடக்கிறது என்பதே பெரிய நன்மை. தேர்வு நாளன்று திரையில் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. வேண்டாத தெரிவைக் கோடிட்டு நீக்கலாம். ஐயமுள்ள வினாவுக்கு அடையாளமிட்டுவிட்டு அதே கூறுக்குள் திரும்பி வரலாம். பத்தியில் வண்ணமிட்டுக் குறிப்பெழுதலாம். மேலே ஓடும் கடிகாரத்தை மறைத்து வைக்கவும் முடியும். கடைசி ஐந்து நிமிடங்களில் மட்டும் அது தானாகத் தோன்றிவிடும். கடிகாரத்தை மறைத்த நாளிலிருந்து அவளுடைய பதற்றம் குறைந்ததைக் கண்ணால் கண்டேன். முதல் கூறில் செய்ததைப் பொறுத்து இரண்டாம் கூறின் கடினம் கூடும் அல்லது குறையும் என்பதால், தொடக்கத்தில் அவசரப்பட்டுச் செய்யும் பிழைகளுக்கு விலை அதிகம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. எனவே எதையும் காலியாக விடக் கூடாது.

நேரக் கணக்கு எங்களைக் கொஞ்சம் மிரட்டியது. 64 நிமிடங்களை 54-ஆல் வகுத்தால் ஒரு வினாவுக்கு 71 விநாடி கிடைக்கும். ஆங்கிலத்தில் கட்டுரை வகை எழுத்தை மௌனமாகப் படிக்கும் வேகம் சராசரியாக நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அந்த வேகத்தில் 150 சொற்களைப் படிக்கவே 38 விநாடி ஆகும். மீதி 33 விநாடிக்குள் வினாவையும் நான்கு தெரிவுகளையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆங்கிலத்தை வீட்டில் பேசாதவர்களுக்கு இது இன்னும் நெருக்கடி. ஆனால் எல்லாப் பத்திகளும் 150 சொற்கள் இல்லை. வினாக்கள் வகைவாரியாக அடுக்கப்பட்டு, பெரும்பாலும் ஒவ்வொரு வகைக்குள்ளும் எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்கின்றன. சொற்பொருள் வினாக்கள் முதலிலும், இலக்கணமும் வாக்கிய இணைப்பும் பிற்பகுதியிலும் வரும். எனவே நடுவில் வரும் கடினமான உய்த்துணர்வு வினாக்களுக்கு அடையாளமிட்டுவிட்டு, பின்னால் உள்ள இலக்கண வினாக்களை முடித்துக்கொண்டு திரும்புவது அவளுக்கு ஒத்துவந்தது. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன்.

வினா வங்கியைத் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள வினாக்களில் சில, புளூபுக்கின் மாதிரித் தேர்வுகளிலும் இடம்பெற்றவை. அவற்றை விலக்கிவிட்டுத் தேடும் வசதி வங்கியிலேயே இருக்கிறது. அதைத் தேர்ந்துகொள்ளாமல் பயிற்சி செய்தால் மாதிரித் தேர்வில் ஏற்கெனவே பார்த்த வினாவே எதிரே வந்து நின்று, மதிப்பெண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். இணையவழிக் கல்வித் தளமான கான் அகாடமியின் இலவசப் பாடங்கள் அடிப்படை, நடுத்தரம், உயர்நிலை என்று பிரிக்கப்பட்டிருப்பதால் இலக்கணப் பகுதிக்கு நன்றாக உதவின. வாசிப்புக்கு நாங்கள் அவற்றை அதிகம் நாடவில்லை.

புளூபுக்கில் குறை இல்லாமல் இல்லை. அதைக் கைபேசியில் பயன்படுத்த முடியாது. மடிக்கணினியோ ஐபேடோ குரோம்புக்கோ வேண்டும். முழு நீள மாதிரித் தேர்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால் ஆர்வக்கோளாறில் வாரம் ஒன்றாக எழுதித் தீர்த்துவிடக் கூடாது. இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. 150 சொற்களுக்கு மேற்படாத பத்திகளையே மூன்று மாதம் படித்துப் பழகிய ஒருவருக்கு, பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரமே முப்பது பக்கக் கட்டுரையைக் கொடுத்தால் மூச்சுத் திணறும். ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றைத் துணையின்றிப் புரிந்துகொள்ள எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அந்த அளவு சொல்வளம் எந்தச் செயலியிலிருந்தும் மூன்று மாதத்தில் வந்துவிடாது. அதனால் பயிற்சி இல்லாத நாட்களில் அறிவியல் செய்தியோ பழைய ஆங்கிலச் சிறுகதையோ ஏதேனும் ஒன்றை அவள் முழுதாகப் படித்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையும் கவிதையும் தேர்வில் தலைகாட்டும் என்பதால் அந்த உழைப்பு வீணாகவில்லை.

ஆகவே வாசிப்புப் பகுதிக்குத் தனியாகப் பணம் செலவழிக்க நினைப்பவர்கள், முதலில் இலவசமாகக் கிடைப்பவற்றை முழுதாகப் பயன்படுத்திவிட்டு, அதன் பிறகும் தேவை இருந்தால் மட்டும் நூல் வாங்கலாம். வாங்குவதற்கு முன் பத்தியை மறைத்து இருபது வினாக்களைச் செய்து பாருங்கள். விளக்கப் பக்கங்களில் தவறான தெரிவுகளைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் பழைய நூலைத் தூக்கிப் போடவில்லை. இரண்டாம் மாதக் கடைசியில் அதற்கு வேறொரு பயன் கிடைத்தது. ஒரு பக்கத்தை எடுத்து, எந்த வினா பத்தியில்லாமலே விடையளிக்கக்கூடியது, எந்தத் தெரிவு 'பாதி மெய்' என்று ஓரத்தில் கைப்பட எழுதியதோடு நில்லாமல், தெரிவுகளைத் திருத்தி உண்மையான வினாவாக மாற்றவும் அக்கா மகள் முயன்றாள். தேனீ வினாவுக்கு அவள் எழுதிய புதிய தெரிவுகளில் நானே ஒரு முறை ஏமாந்து தவறாகக் குறித்தேன்.