போஸ்ட்டாக் வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்

பிஎச்.டி. முடித்துவிட்டு வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை) தேடுகிறவர்கள், குறிப்பாக பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், பயோமெடிக்கல் பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கும் பணம் கட்டுங்கள்.

சென்னையில் ஒரு கன்சல்டன்சி, ஜெர்மனியில் இடம் உறுதி என்று சொல்லி என்னிடம் முன்பணமாக 75,000 ரூபாய் வாங்கியது. பணம் போனதைவிட என் பெயரைக் கெடுத்ததுதான் பெரிய கொடுமை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், என் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, கண்ணில் பட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். நானே நேரடியாக விண்ணப்பித்த ஓர் இடத்தின் ஜூம் நேர்காணலில்தான் இது தெரியவந்தது. பேராசிரியர் திரையில் ஒரு சிவியைக் காட்டி, "இதுவும் நீங்கள் அனுப்பியதுதானா?" என்று கேட்டார். நான் செய்வது சிங்கிள்-செல் ஆர்என்ஏ தரவுப் பகுப்பாய்வு. முழுக்க கம்ப்யூட்டர் வேலை. அந்தச் சிவியிலோ, எலிகளில் புற்றுக்கட்டி வளர்த்து ஆராய்ந்த அனுபவம் மூன்று ஆண்டு என்று இருந்தது. நான் எலியைக் கையால் தொட்டதே இல்லை. கூடவே போன கடிதத்தில் வேறொரு பேராசிரியரின் பெயர் மாற்றப்படாமல் அப்படியே கிடந்தது. விளக்கிச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை.

கன்சல்டன்சியைப் பிடித்துக் கேட்டதும் அவசரமாக ஒரு ஆஃபர் லெட்டர் வந்தது, இன்னும் 1,50,000 ரூபாய் 'ஹோஸ்டிங் கட்டணம்' கட்டச் சொல்லி. பல்கலைக்கழகத்தின் பெயர் உண்மையானது. மெயில் முகவரியில் மட்டும் நடுவே ஒரு கோடு கூடுதலாக இருந்தது. சம்பளம் மாதம் 1,800 யூரோ என்று போட்டிருந்தார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் போஸ்ட்டாக்குகளுக்கு வழக்கமாக ஈ13 சம்பள விகிதம். முழுநேர வேலைக்குப் பிடித்தம் போகுமுன் மாதம் 4,000 யூரோவுக்கு மேல் வரும். பல்கலைக்கழகப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு நானே எழுதினேன். அப்படியொரு பணியிடமே இல்லை என்று பதில் வந்தது.

ஆளை எடுப்பது ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர். அவரிடம் ஆய்வுக்கான கிராண்ட் பணம் இருக்க வேண்டும், உங்கள் வேலை அவருக்குப் பயன்பட வேண்டும், உங்கள் வழிகாட்டி உங்களைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும். இதில் தரகர் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்ஸஸ் தளத்தில் காலியிடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு அங்குள்ள பேராசிரியரோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்கிறோம், கட்டணம் கிடையாது. அமெரிக்கா என்றால், வெளிநாட்டு ஆய்வாளர்களும் வாங்கும் ஜே-1 விசாவுக்கான டிஎஸ்-2019 படிவம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலிருந்தே வரும், விசாவுக்கு முன் கட்ட வேண்டிய செவிஸ் பதிவுக் கட்டணத்தை அரசுத் தளத்தில் நீங்களே கட்டலாம்.

சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இதுபோன்ற இடத்தில் ஏற்கெனவே சிவி கொடுத்துவிட்டவர்கள், உங்கள் பெயரில் எந்தெந்த ஆய்வகங்களுக்கு எழுதினார்கள் என்ற பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள். என்னிடம் இன்னும் தர மறுக்கிறார்கள்.